தத்துவம் மருந்தா, கோட்பாடா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 'தத்துவம் ஒரு சிகிச்சை' என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவற்றை எடுத்துப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: தத்துவம் சிகிச்சை என்பது வெறும் உவமைதானே? உண்மையில் அது யாரை, எதிலிருந்து குணப்படுத்தியது?
(வாசகர், மதுரை)

உவமையாகத் தொடங்கியதுதான், ஆனால் அதோடு நிற்கவில்லை. இந்த ஒரே பெயரில் இரண்டு வேறு சிகிச்சைகள் நடமாடுகின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

முதலாவது பழையது. கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கி அங்கேயே பள்ளி நடத்திய கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸ், மனிதனின் எந்தத் துன்பத்தையும் ஆற்றாத தத்துவப் பேச்சு வெற்றுப் பேச்சு என்றார். உடம்பின் நோயைப் போக்காத வைத்தியத்தால் என்ன பயன் என்று கேட்டார். அவர் குறிவைத்த நோய்கள் மூன்று: கடவுள் தண்டிப்பார் என்ற பயம், சாவு பயம், எதிலும் நிறையாத ஆசை. அவருக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் பின்னால் வந்த, ஸ்டோயிக் என்ற தத்துவப் பள்ளியைச் சேர்ந்த எபிக்டெடஸ், தத்துவ ஆசிரியரின் பள்ளியையே வைத்தியசாலை என்றார். அங்கிருந்து வெளியே போகும்போது இன்பம் இருக்கக் கூடாது, வலிதான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இரண்டாவது, ஆஸ்திரியாவில் பிறந்த தத்துவவாதி லுட்விக் விட்கென்ஸ்டைனுடையது (1889–1951). அவர் பார்த்த நோய் பயமோ ஆசையோ கிடையாது. நம் மொழியே நம் சிந்தனையில் போட்டுவிடும் முடிச்சு அது. அவர் இறந்தபின் 1953-ல் வெளிவந்த 'தத்துவ ஆய்வுகள்' நூலின் 109-ம் பத்தியில், நாம் எந்தக் கோட்பாட்டையும் முன்வைக்கக் கூடாது என்கிறார். தத்துவத்துக்கென்று ஒரே முறை கிடையாது, பல சிகிச்சைகள் போலப் பல முறைகள் உண்டு என்கிறது 133-ம் பத்தி. எபிக்யூரஸிடம் போகிறவருக்குப் பயம் விடவில்லை. விட்கென்ஸ்டைனிடம் போகிறவருக்கு ஒரு கேள்வி விடவில்லை.

கேள்வி: 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்கிறோம். அப்படியானால் அடுத்தவர் வலியை நம்மால் ஒருபோதும் அறிய முடியாது என்றுதானே ஆகிறது? இதற்கு உங்கள் சிகிச்சை என்ன செய்யும்?
(வாசகர், சேலம்)

அருமையான கேள்வி. இதையே எடுத்துக்கொண்டு, விட்கென்ஸ்டைன் வழிச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று கடைசிவரை செய்து காட்டுகிறோம்.

எடுத்த எடுப்பில் 'இது அர்த்தமற்ற கேள்வி' என்று சொல்லிவிடக் கூடாது. இந்த முறையைக் கற்றுக்கொண்டவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். கேட்டவர் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல வைக்க வேண்டும்: 'என் வலி எனக்கு மட்டும்தான் உறுதியாகத் தெரியும், மற்றவர்கள் ஊகிக்கத்தான் முடியும்.' இதைத்தானே சொல்ல வந்தீர்கள்? 'ஆமாம், இதேதான்' என்று நீங்கள் தலையாட்டிய பிறகுதான் மேலே போகலாம். அந்த ஒப்புதல் இல்லாமல் செய்வது வெறும் வாக்குவாதம்.

அடுத்து, இந்த எண்ணத்துக்குத் தீனி போடும் படம் எது என்று தேட வேண்டும். 293-ம் பத்தியில் ஒரு படம் இருக்கிறது. ஆளுக்கொரு பெட்டி; உள்ளே 'வண்டு' என்று எல்லோரும் சொல்லும் ஏதோ ஒன்று. யாரும் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. வண்டு என்றால் என்ன என்பது தன் பெட்டியைப் பார்த்துத்தான் தெரியும் என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு பெட்டியிலும் வேறு வேறு பொருள் இருக்கலாம், சில பெட்டிகள் காலியாகவும் இருக்கலாம். ஆனாலும் 'வண்டு' என்ற சொல் ஊரில் தடையில்லாமல் புழங்கிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் பொருளுக்கு அந்தச் சொல்லில் வேலையே இல்லை. வலியை நாம் அப்படித்தான், நெஞ்சுக்குள் பூட்டிய பெட்டியில் இருக்கும் பொருளாக நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். சிக்கல் 'தெரியும்' என்பதில் இருக்கிறது. அது புழங்கும் இடங்களில் ஐந்தாறையாவது எழுதிப் பாருங்கள்: 'அவர் வீடு எனக்குத் தெரியும்', 'நீச்சல் தெரியும்', 'பஸ் நாலரைக்கு என்று தெரியும்', 'அவரை நன்றாகத் தெரியும்', 'மொட்டைமாடியிலிருந்து மலை தெரியும்'. கடைசியைக் கவனியுங்கள். தமிழில் தெரிவது என்றால் கண்ணுக்குப் புலப்படுவதும்கூட. 'என் வலி உனக்குத் தெரியாது' என்று சொல்லும்போது, அங்கிருந்து மலை தெரியாது என்பதன் சாயல் நமக்கே தெரியாமல் வந்து ஒட்டிக்கொள்கிறது. பெட்டிப் படம் அங்கிருந்துதான் பலம் பெறுகிறது.

'பஸ் நாலரைக்கு என்று தெரியும்' என்பதைச் சோதித்துப் பாருங்கள். 'தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்' என்பதும் அங்கே பொருந்தும். யாரோ சொன்னது தப்பாக இருக்கலாம், போய்ப் பார்த்துச் சரிசெய்யலாம். இனி, 'எனக்குப் பல் வலிக்கிறதா என்று தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்' என்று யாராவது சொல்வார்களா? (இது வலியா, கூச்சமா என்று தெரியவில்லை என்போம். அது என்ன பெயர் வைப்பது என்ற தயக்கம், வேறு விஷயம்.) ஆகவே 'எனக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும்' என்பது ஓர் உயர்ரக அறிவைச் சொல்லவில்லை. 'வலிக்கிறது' என்பதையே அழுத்திச் சொல்கிறது, அவ்வளவுதான். 246-ம் பத்தி சொல்வது இதைத்தான். 'எனக்கு அறிவு, உனக்கு ஊகம்' என்று ஒப்பிட ஒரு பந்தயம் வேண்டுமே. அந்தப் பந்தயமே நடக்கவில்லை.

மற்றவர் பக்கம் பாருங்கள். முட்டி சிராய்ந்து ரத்தம் வழிய அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு வலிக்கிறது என்று தாய் ஊகிக்கவில்லை, அவளுக்குத் தெரியும். வயிற்றின் வலது கீழ்ப்புறத்தை மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுக்கும்போது நோயாளி துடித்தால், வலி எங்கே என்று டாக்டருக்குத் தெரியும். சில சமயம் ஏமாறலாம். ஏமாற இடமிருக்கும் இடத்தில்தான் தெரிந்துகொள்ளவும் இடமிருக்கும்.

கடைசியாகப் பழமொழிக்குத் திரும்புங்கள். அதை யார், எப்போது சொல்கிறார்கள்? 'இதெல்லாம் ஒரு வலியா' என்று அலட்சியமாகப் பேசியவரைக் கண்டிக்கும்போது. 'அவனுக்கு வந்தால் தெரியும்' என்றால் என்ன தெரியும்? நான் பட்டது தெரியும். வலிகள் பூட்டிய பெட்டிகளாக இருந்தால், அவனுக்குத் தலைவலி வந்தாலும் என் தலைவலியைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியவராது. எதை மறுப்பதாக நினைத்து இந்தப் பழமொழியை எடுத்தீர்களோ, அதை நம்பித்தான் பழமொழியே நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் வலியைக் குடை வைத்திருப்பதுபோல 'வைத்திருக்கிறார்கள்'. அதனால் 'என் வலியை இன்னொருவர் வைத்திருக்க முடியுமா' என்ற முடிச்சு அவர்களுக்கு விழுகிறது. விட்கென்ஸ்டைன் 253-ம் பத்தியில் அதோடுதான் மல்லுக்கட்டுகிறார். நமக்கு 'எனக்கு வலிக்கிறது', 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குக் குளிர்கிறது'. உடைமையே இல்லை. அந்த முடிச்சு நமக்கு அவ்வளவாக இறுகாது. நம் முடிச்சு 'தெரியும்' என்பதில் இருக்கிறது. அவர் புத்தகத்தை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, நம் மொழியின் முடிச்சுகளை நாமே தேட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தச் சிகிச்சை எங்கே தவறும்? ஒரே வகை உதாரணத்தைத் தின்றுகொண்டிருந்தால் தவறும். தத்துவ நோய்க்கு முக்கியக் காரணமே ஒருதலைப்பட்ச உணவு என்கிறது 593-ம் பத்தி. இன்னொரு அறிகுறி: வாதத்தில் தோற்று மௌனமான கேள்வி அடுத்த வாரமே திரும்பி வரும். வந்தால் ஒப்புதல் வாங்கிய முதல் கட்டத்தில் பிழை என்று பொருள். அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கேள்வி: 'சொல்லின் பொருள் அதன் பயன்பாடு' என்கிறாரே விட்கென்ஸ்டைன்? அதுவே ஒரு கோட்பாடுதானே?
(வாசகர், நாகர்கோவில்)

அந்த வரி 43-ம் பத்தியில் வருகிறது. 'பெரும்பாலான இடங்களில், எல்லா இடங்களிலும் அல்ல' என்று அவரே வேலி போட்டிருக்கிறார். குழம்பும்போது புழக்கத்தைப் பார் என்ற கைவழிகாட்டியாக அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் முழுக்கத் தப்பிவிட்டார் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஒருவருக்கு மட்டுமே புரியக்கூடிய மொழி இருக்க முடியாது என்று 243-ம் பத்தியிலிருந்து அவர் சொல்லிவருவது, ஆதரித்தும் மறுத்தும் வாதிடக்கூடிய ஒரு கருத்து. அதைக் கோட்பாடு என்று சொல்ல நாங்கள் தயங்க மாட்டோம்.

கேள்வி: எல்லாம் சொல் முடிச்சு என்றால் நீதி, உரிமை, மரணம் பற்றிய கோட்பாடுகள் எல்லாம் வீண் வேலையா? சட்டம் படிக்கிறவன் என்பதால் கேட்கிறேன்.
(வாசகர், திருச்சி)

இல்லவே இல்லை. மரணத்தையே எடுத்துக்கொள்வோம்.

மூச்சு நிற்பது, இதயம் நிற்பது, நினைவு திரும்பாமல் போவது எல்லாம் சில நிமிடங்களுக்குள் ஒன்றாக நடந்துகொண்டிருந்தவரை, 'இறந்தார்' என்ற சொல் இவற்றில் எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வென்டிலேட்டர் வந்து அவற்றைப் பிரித்துவிட்டது. 1968-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு மூளையின் செயலிழப்பை மரணத்தின் அளவுகோலாக முன்வைத்தது. இந்தியாவில் 1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை ஏற்றது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு சான்றளிக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமை அசைகிறதா என்று பார்ப்பார்கள். ஆக்ஸிஜன் கொடுத்தபடியே வென்டிலேட்டரை விலக்கி, ரத்தத்தில் கரியமில வாயு ஏறியும் தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்ப்பார்கள்.

இந்தச் சோதனைகள் சொல்வது, மூளைத்தண்டு திரும்ப முடியாதபடி நின்றுவிட்டதா என்பதை. மூளைத்தண்டு நிற்பதுதான் ஒரு மனிதரின் மரணமா என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. 'உடம்பு சூடாக இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, எப்படிப் போய்விட்டான் என்கிறீர்கள்?' என்று ஐசியூ வாசலில் கேட்கும் தாய்க்குச் சொல் முடிச்சு எதுவும் இல்லை. அன்றாடப் பேச்சில் இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று அவளிடம் விளக்கிப் பயனில்லை, ஏனென்றால் அன்றாடப் பேச்சு இந்த நிலைமையைச் சந்தித்ததே இல்லை. அவளுக்குக் காரணம் வேண்டும். காரணம் தருவது கோட்பாட்டின் வேலை.

இரண்டு கோட்பாடுகள் எதிரெதிரே நிற்கின்றன. உடம்பை ஒரே உயிராகக் கட்டி நடத்தும் ஒருங்கிணைப்பு அழிவதே மரணம் என்பது ஒன்று. ஆனால் மூளைச்சாவு அடைந்த கர்ப்பிணிகளின் உடல் வென்டிலேட்டர் உதவியோடு வாரக்கணக்கில் கருவைத் தாங்கி, குழந்தை உயிரோடு எடுக்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு. ஒருங்கிணைப்பு அழிந்துவிட்டது என்று அங்கே எப்படிச் சொல்வது? நினைவு மீளாமல் போவதே மரணம் என்பது மற்றொன்று. அதை ஏற்றால், தானாக மூச்சு விட்டுக்கொண்டு, நினைவு மட்டும் இனித் திரும்பாது என்று கைவிடப்பட்டவரையும் இறந்தவர் என்று சொல்ல வேண்டிவரும். அவரைப் புதைக்க யாரும் ஒப்ப மாட்டார்கள். கோட்பாட்டை இப்படித்தான் உரசிப் பார்க்க வேண்டும்: இதை ஏற்றால் வேறு எதையெல்லாம் ஏற்க வேண்டிவரும்?

உங்களுக்கு ஒரு சோதனை தருகிறோம். சொற்களின் புழக்கம் முழுவதும் பிரித்து வைத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் முடிவெடுக்க ஏதாவது மிச்சமிருக்கிறதா? சேலத்து வாசகரின் வலிக் கேள்வியில் மிச்சம் எதுவும் இல்லை. இங்கே உறுப்பை எடுக்கலாமா கூடாதா என்பது அப்படியே மிச்சமிருக்கிறது. மிச்சமிருந்தால் கோட்பாடு வேண்டும்.

கேள்வி: சாவைப் பற்றி எபிக்யூரஸ் சொன்ன மருந்து உண்மையில் வேலை செய்யுமா? அவருடைய அணுக் கொள்கை பழையதாகிவிட்டதே?
(வாசகி, கோவை)

எபிக்யூரியர்களின் மருந்துக்கு 'டெட்ராபார்மகோஸ்' என்று பெயர், நான்கு சரக்கு மருந்து. மெழுகு, கொழுப்பு, கீல், பிசின் நான்கையும் சேர்த்துக் கிண்டிய களிம்பின் பெயர் அது. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஹெர்குலேனியம் நகரத்தின் கருகிய சுருள்களில், எபிக்யூரியரான பிலோடெமஸ் எழுதியதில் அது கிடைத்தது. நான்கு சரக்கு: கடவுளுக்கு அஞ்ச வேண்டாம், சாவு கவலைக்குரியதல்ல, நல்லது எளிதில் கிடைக்கும், கொடியது எளிதில் தாங்கக்கூடியது.

இந்த மாத்திரைக்குள் கோட்பாடு இருக்கிறது. ஆன்மாவும் அணுக்களால் ஆனது, உடல் கலையும்போது அதுவும் கலையும், கலைந்தபின் உணர யாரும் இல்லை. ஆகவே நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வந்தபோது நாம் இல்லை. அணுவைப் பற்றி அவர் சொன்ன விவரங்கள் தப்பாகிவிட்டன. ஆனால் மருந்துக்கு வேண்டியது உடல் போனபின் உணர்வு இல்லை என்பது மட்டும்தான். அதை ஏற்காதவருக்கு, மறுபிறப்பை நம்புகிறவருக்கு, இந்த மருந்து ஏறாது. ஏற்காமலே ஆறுதலுக்காக மட்டும் அதை விழுங்கச் சொல்வதை நாங்கள் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம். உண்மையா என்று கேட்காத சிகிச்சை மயக்க மருந்து.

வேலை செய்யுமா என்றால், முதலில் எந்தப் பயம் என்று பிரியுங்கள். சாவு பயம் ஒன்றல்ல. செத்தபின் இருட்டில் தனியாகக் கிடப்பேன் என்ற பயம், தண்டனை கிடைக்கும் என்ற பயம் இரண்டுக்கும் எபிக்யூரஸ் மருந்து கேட்கும். சாகும்போது படப்போகும் வலியைப் பற்றிய பயத்துக்கு, கடும் வலி நீடிக்காது, நீடிப்பது தாங்கக்கூடியது என்கிறார். புற்றுநோய் வலியைப் பார்த்த எவரும் இதை ஏற்க முடியாது. அந்தப் பயத்துக்கு மருந்து வலிநிவாரணச் சிகிச்சைப் பிரிவும் மார்ஃபினும்தான். நான்காவது, 'என் பிள்ளைகள் என்ன ஆவார்கள்' என்ற பயம். அதை அவருடைய வாதம் தொடவே இல்லை, ஏனென்றால் அந்தப் பயம் நம்மைப் பற்றியதே அல்ல. உயில் எழுதுவது, நாமினி பெயரைச் சரிபார்ப்பது, யாரிடம் ஒப்படைப்பது என்று உட்கார்ந்து பேசுவது, இவைதான் அதற்கு. நான்காவது பயத்துக்கு இரண்டாவதின் மருந்தைக் கொடுத்துவிட்டு, தத்துவம் பலிக்கவில்லை என்று சொல்கிறோம்.

கேள்வி: ஸ்டோயிக் வாசகங்கள் தினமும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. வாசகம் மட்டும் போதுமா?
(வாசகர், ஈரோடு)

போதாது. நம்மைக் கலக்குவது நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றிய நம் தீர்ப்புகள் என்ற எபிக்டெடஸ் கருத்திலிருந்து தாங்கள் எடுத்துக்கொண்டதை ஆல்பர்ட் எல்லிஸும் ஆரன் பெக்கும் வெளிப்படையாகச் சொல்லித்தான் 1950-களிலும் 60-களிலும் தங்கள் உளச்சிகிச்சை முறைகளை அமைத்தார்கள். ஆனால் அவர்கள் வாசகத்தைச் சுவரில் ஒட்டவில்லை. அதைப் பயிற்சியாக்கினார்கள்.

பயிற்சி வேண்டுமென்றால் ரோமானிய ஸ்டோயிக் செனெகா சொல்வதைச் செய்து பாருங்கள். இரவு விளக்கை எடுத்துப்போன பிறகு, மனைவியும் வழக்கம் தெரிந்து பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாள் முழுவதையும் எதையும் ஒளிக்காமல் திரும்பப் பார்ப்பார். இன்று எந்தக் கெட்ட பழக்கத்தைக் குணப்படுத்தினாய், எந்தக் குற்றத்தை எதிர்த்து நின்றாய், எந்த விதத்தில் மேம்பட்டாய் என்ற மூன்று கேள்விகள் அவர் முந்தைய ரோமானியத் தத்துவவாதி செக்ஸ்டியஸிடமிருந்து எடுத்துக்கொண்டவை. தப்பு கண்டால், 'இனிச் செய்யாதே, இம்முறை மன்னித்தேன்' என்று சொல்லி முடிப்பார். அந்த மன்னிப்பை விட்டுவிட்டால் பயிற்சி தன்னையே குதறும் வேலையாகிவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

'நம் கையில் இல்லாததை விடு' என்பதை, வாடகை உயர்வுக்கும் கூலி பாக்கிக்கும் வாயை மூடிக்கொண்டிரு என்று படிப்பது தவறான படிப்பு. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பவை நம் கையில் இருப்பவை.

கேள்வி: நம் மரபில் இந்த விவாதம் உண்டா?
(வாசகர், காஞ்சிபுரம்)

உங்கள் ஊரிலேயே உண்டு. சாத்தனாரின் மணிமேகலையில் அமுதசுரபி தீர்ப்பது 'பசிப்பிணி'யை. 27-ம் காதையில் வஞ்சியில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பிறகு காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்கு முதலில் சொல்லித் தருவது அளவைகள் (அறிவு பெறும் வழிகள்), ஏதுப் போலிகள் (காரணம்போலத் தோன்றும் பிழைகள்) என்று முழுக்கத் தர்க்கம். சோறும் தர்க்கமும் ஒரே காப்பியத்தில், ஒரே பெண்ணின் கையில்.

அதன் பின்னணியில் உள்ள பௌத்தத்தில் புத்தரின் சீடர் மாலுங்கியபுத்தரின் கதை பிரபலம். உலகம் நிலையானதா, முடிவுள்ளதா என்று பத்துக் கேள்விகளுக்குப் பதில் கேட்டவரிடம், நச்சு அம்பு தைத்தவன் எய்தவனின் குலமும் ஊரும் உயரமும் வில்லின் நாணும் தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால் என்ன ஆகும் என்று புத்தர் கேட்டார். இதை வைத்து புத்தர் கோட்பாடே வேண்டாம் என்றார் என்பது மிகை. அவர் ஒதுக்கியது அந்தப் பத்தை. துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், வழி என்ற நான்கும் கோட்பாடுதான். பின்னால் வந்த பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனர் இன்னும் தூரம் போனார்: சூனியம் (எதற்கும் தனக்கென்று நிலையான இயல்பு இல்லை என்பது) எல்லாப் பார்வைகளையும் கைவிடச் செய்வது, அந்தச் சூனியத்தையே ஒரு பார்வையாகப் பிடித்துக்கொண்டவர் தீராத நோயாளி என்றார்.

கேள்வி: வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா என்ற கேள்வியால் மூன்று மாதமாகத் தூக்கமில்லை. எந்தத் தத்துவ நூலைப் படிக்கலாம்?
(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டவர்)

இப்போது நூல் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும், எதிலும் பிடிப்பின்மையும், பசி குறைவதும் நீடித்தால் அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். கேள்வி காரணமாகத் தூக்கம் போனதா, தூக்கம் போனதால் கேள்வி இப்படிப் பிடித்துக்கொண்டதா என்பது உள்ளே இருந்து பார்த்தால் தெரியாது. அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இன்றே பேசுங்கள். தூக்கம் திரும்பியபின் கேள்வி மிச்சமிருந்தால் மறுபடி எழுதுங்கள். விரிவாகப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: விட்கென்ஸ்டைனை எங்கிருந்து தொடங்குவது?
(வாசகி, தஞ்சாவூர்)

'தத்துவ ஆய்வுகள்' நூலில் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனால் பலர் நூறாவது பத்திக்குள் நின்றுவிடுகிறார்கள். 243 முதல் 315 வரை, எழுபத்துமூன்று பத்திகள், முதலில் படியுங்கள். வலியைப் பற்றிய பகுதி அது. நாளுக்கு இரண்டு வைத்தால் ஐந்து வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு தமிழ் வாக்கியம், நீங்கள் வீட்டிலோ கடையிலோ காதால் கேட்டதாக இருக்கட்டும், உதாரணமாக எழுதுங்கள். உதாரணம் கிடைக்காத பத்தியில் குறி வைத்துவிட்டு மேலே போங்கள். பிறகு 1-ம் பத்திக்கு வந்து, கடைக்காரரிடம் 'ஐந்து சிவப்பு ஆப்பிள்' என்ற சீட்டை நீட்டும் இடத்திலிருந்து படியுங்கள்.